சார்டோரியஸ்: தையல்காரர் பெயரில் ஒரு தொடைத் தசை

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் எங்கள் அத்தை, சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழும்போதெல்லாம் ஒக்கலில் கையை ஊன்றிக்கொண்டு ஒன்று சொல்வாள்: "துடைக்குக் குறுக்கால ஒரு நரம்பு ஓடுதுல்லா, அதாம்டே பிடிச்சி இழுக்கு." திருநெல்வேலிச் சீமையில் நரம்பு என்ற சொல் ரொம்பத் தாராளமானது. ரத்தக்குழாய், தசைநாண், தசை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். அத்தை விரலால் கோடு போட்டுக் காட்டிய வழியைப் பார்த்தால், அது தசைதான். மருத்துவப் படிப்பில் அதற்குப் பெயர் சார்டோரியஸ். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

மனித உடம்பிலேயே நீளமான தசை இது. பிள்ளையைத் தூக்கி வைக்கிற ஒக்கல் எலும்பை முன்பக்கமாகத் தடவிக்கொண்டு வந்தால் ஒரு முனை தட்டுப்படும். அங்கே தொடங்கி, தொடையின் முன்புறத்தில் நாடா போலச் சாய்வாக இறங்கி, முழங்காலின் உள்பக்கத்தைத் தாண்டி, முன்காலெலும்பின் மேல்பகுதியில் போய் ஒட்டுகிறது. இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டைக் கடப்பதால் அதற்கு வேலையும் இரண்டு இடத்தில். தொடையை மேலே தூக்கும், விலக்கும், வெளிப்பக்கமாகத் திருப்பும். முழங்காலை மடக்கவும் உதவும். இதையெல்லாம் ஒருசேரச் செய்து பாருங்கள், சம்மணம் வந்துவிடும்.

பெயர் வந்ததும் அப்படித்தான். லத்தீனில் 'சார்டோர்' என்றால் கிழிசலைத் தைத்து ஒட்டுப்போடுகிறவர், தையல்காரர். ஐரோப்பாவில் அந்தக் காலத்துத் தையல்காரர் மேசை மீதோ தரையிலோ காலை மடித்து உட்கார்ந்து தைத்தார். அந்த இருப்புக்கு உதவும் தசை என்பதால் அவர் பெயர். காற்சட்டைக்குத் தொடையின் உள்புறம் அளவெடுக்கும் கோட்டை ஒட்டி ஓடுவதால் வந்த பெயர் என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு முதல் விளக்கமே சரியாகப் படுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அப்படியே பெயர்த்தால் 'தையல் தசை'. இதில் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்பத்திரியில் தையல் என்றாலே காயத்துக்குப் போடும் தையல்தான். தையல் போட்ட தசையோ என்று நினைப்பார்கள். பழந்தமிழில் தையல் என்றால் பெண். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் ஊர் டெய்லர் ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் மிதிக்கிறார்! சம்மணம் போடுவது பீடி சுற்றும் அத்தையும், பந்தியில் இலைக்கு முன்னால் உட்காரும் அத்தனை பேரும். ஊரே அப்படி உட்காரும்போது ஒரு தொழிலின் பெயரை வைத்து என்ன ஆகப்போகிறது? 'சம்மணத் தசை' என்று வைத்தால், கேட்டதுமே அது செய்யும் வேலை விளங்கிவிடும்.

சம்மணத்துக்குச் 'சப்பணம்' என்றும் ஒரு வடிவம் உண்டு. சமணர் உட்காரும் முறை என்பதால்தான் சம்மணம் ஆயிற்று என்பார்கள். பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்கள் காலை மடித்து வரிசையாக அமர்ந்திருப்பதைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் சப்பணம் எப்படி வந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. எப்படியோ, அந்தச் சிற்பங்களில் தொடை வெளியே திரும்பி, முழங்கால் மடங்கியிருக்கும் நிலை இந்தத் தசையின் வேலையேதான்.

கூட்டுச்சொல்லில் தாங்குமா என்றும் பார்க்கவேண்டும். இந்தத் தசைக்கு அடியில், நடுத்தொடையில், தொடைத் தமனி ஒரு குறுகிய பாதை வழியாகப் போகிறது. 1785இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருந்த ஒரு குதிரைவண்டிக்காரருக்கு, காலை வெட்டாமல் இங்கேதான் தமனியைக் கட்டினார். அதனால் அதற்கு ஹண்டர் கால்வாய் என்றும் பெயர். அந்தப் பாதையைத் தசையின் பெயரை வைத்தே சொன்னால் 'சம்மணத்தசையடிக் கால்வாய்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் குழம்பவில்லை.

முழங்காலருகே இன்னும் இரண்டு தசைநாண்களோடு சேர்ந்து இது ஒட்டும் இடத்துக்கு லத்தீனில் 'வாத்தின் பாதம்' என்று பெயர். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

புழக்கத்துக்கு ஒரு வாக்கியம்: "வ.உ.சி. மைதானத்தில் பந்தை உள்பாதத்தால் தட்டும்போது அவனுக்குச் சம்மணத் தசை இழுத்துக்கொண்டது."