பைக்குக்கு ஸ்மாக் செக் இல்லைதான், ஆனால் சட்டம் இருக்கிறது

"அண்ணா, கலிஃபோர்னியாவில் பைக்குக்குத்தான் ஸ்மாக் செக் கிடையாதே, அப்புறம் எந்த சைலன்சரை மாட்டினால் என்ன?" சான் ஹோசே பக்கம் ஒரு பைக் கடையில் பார்ட்ஸ் கவுன்டரைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. முதல் பாதி உண்மை. காரைப் போல பைக்கை ஓட்டிப் போய்ப் புகைச் சோதனையில் பாஸாக்க வேண்டியதில்லை. சோதனை இல்லையென்றால் விதியும் இல்லை என்று நினைத்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலரைக் கொட்டிவிட்டு வந்து நிற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்த மாநில வாகனச் சட்டத்தின் 27156-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வண்டியோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பின் வடிவமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் எந்தப் பொருளையும் பொருத்தக் கூடாது, விற்கக் கூடாது, விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. மாட்டிய பார்ட்டுக்கு அனுமதி உண்டா என்றுதான் கேட்கிறது. அந்த அனுமதியைத் தருவது கார்ப் என்று எல்லோரும் சொல்லும் கலிஃபோர்னியா காற்று வள வாரியம். தயாரிப்பாளர் சோதனை முடிவுகளைக் காட்டி, மாசு கூடவில்லை என்று நிரூபித்தால் 'எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்' கிடைக்கும். கடைகளில் இதை இஓ நம்பர் என்போம்.

இஓ ஒரு பார்ட்டுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தக் கம்பெனி, எந்த மாடல், எந்த ஆண்டு என்று அதிலேயே பட்டியல் இருக்கும். 2014 மாடலுக்கு அனுமதி வாங்கிய பைப் உங்கள் 2018 மாடலிலும் போல்ட் பிசகாமல் உட்காரலாம். பட்டியலில் 2018 இல்லையென்றால் உங்கள் வண்டியில் அது அனுமதியில்லாத பைப். கார்ப் இணையதளத்தில் இந்த ஆர்டர்களை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 'ஐம்பது மாநிலத்திலும் லீகல்' என்று விற்பனைப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். நம்பரைக் கேளுங்கள்.

கலிஃபோர்னியாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்ற கோபமும் எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றி மலை, மேலே மூடிபோல வெப்பக் காற்று. எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் அங்கே வெயிலில் சேர்ந்து ஓசோனாகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் கண்டுசொன்னவர் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர். 1967-இல் கார்ப் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. பைக் விதியில் அந்த இரண்டு மாசையும் கூட்டி ஒரே வரம்பாக வைத்திருப்பது இதனால்தான். 280 சிசியும் அதற்கு மேலும் உள்ள பைக்குகளுக்கு 2004 மாடலிலிருந்து கிலோமீட்டருக்கு 1.4 கிராம், 2008 மாடலிலிருந்து 0.8 கிராம். இன்றைக்கும் ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் கோடையில் காற்று மோசமாகும் நாட்களில் குழந்தைகளை வெளியே விளையாட விடத் தயங்குகிறார்கள். எனக்கு இது வெறும் காகிதச் சட்டமாகத் தெரியவில்லை.

இனி பணம் வீணாகும் இடத்துக்கு வருவோம்: ஸ்லிப்-ஆன். பின்னால் இருக்கும் சைலன்சரை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகுவதற்கு இந்தப் பெயர். 'ஸ்லிப்-ஆன் மாட்டலாம், ஃபுல் சிஸ்டம் (எஞ்சினிலிருந்து சைலன்சர் வரை முழு எக்ஸாஸ்ட்) மாட்டக் கூடாது' என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விதி சுற்றுகிறது. அது பாதிதான் சரி. எக்ஸாஸ்ட் புகையிலுள்ள மாசைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பல பைக்குகளில் அது எஞ்சினுக்கு அடியில், எஞ்சினிலிருந்து புகையை எடுத்துவரும் ஹெடர் குழாயிலேயே இருக்கும். அதற்குப் பின்னால் உள்ள சைலன்சரை மாற்றினால், கன்வெர்ட்டரையும் சென்சாரையும் தொடாதவரை, பொதுவாக இஓ தேவைப்படாது. சில மாடல்களில் கன்வெர்ட்டர் சைலன்சரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஸ்லிப்-ஆன் போட்டால் கன்வெர்ட்டரையே கழற்றி அலமாரியில் வைத்த கதைதான். ஒரே சொல், ஒரே விலை, ஒரு வண்டியில் சரி, இன்னொன்றில் குற்றம். ஆர்டர் போடும் முன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் புரட்டி, கன்வெர்ட்டர் இருக்கும் இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஃபுல் சிஸ்டம் என்றால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் போய்விடும். அதோடு பெட்ரோல்-காற்றுக் கலவையும் மாறுவதால் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்ற ஒரு பிளக், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவை மாற்றியமைக்கும் டியூனர் என்று செலவு நீளும். ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்கும் சத்தத்துக்கு வைத்தியமாக, எக்ஸாஸ்ட்டுக்குள் புதுக்காற்றை விடும் வால்வை அடைக்கும் பிளேட்டையும் விற்பார்கள். எரியாமல் வெளியேறும் பெட்ரோலை எக்ஸாஸ்ட்டிலேயே எரித்துவிடத்தான் அந்தக் காற்றை கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான். கரித்தூள் கனிஸ்டரும் அப்படியே. நிறுத்தி வைத்த பைக்கின் டேங்கிலிருந்து கசியும் ஆவியைப் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது உள்ளே அனுப்பும் டப்பா அது. கழற்றினால் வண்டி பார்க்க அழகாகலாம். சட்டப்படி அது கன்வெர்ட்டரைக் கழற்றியதற்குச் சமம்.

டியூனர் விஷயத்தில் ஹார்லி-டேவிட்சன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2008 முதல் அந்தக் கம்பெனி விற்ற ஏறத்தாழ 3,40,000 'சூப்பர் டியூனர்கள்' மாசு அளவைக் கூட்டின என்று மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. போட்டி மைதானத்துக்கு மட்டும் என்றுதான் விற்றோம் என்பது கம்பெனியின் வாதம். 2016 ஆகஸ்டில் 1.2 கோடி டாலர் அபராதத்துக்குச் சமரசமானது. விற்பனையை நிறுத்தி, கடைகளில் கிடந்தவற்றைத் திரும்ப வாங்கி அழிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் எங்கே டியூனர் விற்றாலும் அதற்கு கார்ப் அனுமதி வேண்டும் என்பதும் சமரசத்தில் சேர்ந்தது. 'ரேஸுக்கு மட்டும்' என்ற ஸ்டிக்கர் அவ்வளவு பெரிய கம்பெனியையே காப்பாற்றவில்லை. நம்பர் பிளேட்டோடு தினமும் ஆபீஸ் போகும் உங்கள் வண்டியை எப்படிக் காப்பாற்றும்?

சத்தத்துக்குத் தனி விதி. 2013 ஜனவரி 1 முதல் தயாரான பைக்கிலும் எக்ஸாஸ்ட்டிலும் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பின் ஒலி முத்திரை இருக்க வேண்டும். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 50 முதல் 100 டாலர் வரை. இஓ வாங்கிய பைப்பிலும் இந்த முத்திரை வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பழைய பார்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒழுங்கான கடைகள் கன்வெர்ட்டர் இல்லாத வண்டியை சர்வீஸுக்கு எடுக்கவே தயங்கும், விற்கும்போது விலையும் விழும். ஒரிஜினல் எக்ஸாஸ்ட்டை கராஜில் வைத்திருந்தால் ஒரு மதியத்தில் திரும்ப மாட்டிவிடலாம். புதிதாக வாங்கப் போனால் விலை கேட்டே மயக்கம் வரும்.

வெளிமாநிலத்திலிருந்து பைக் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. இங்கே வசித்துக்கொண்டு, விலை குறைவு என்று டெக்சாஸிலிருந்தோ நெவாடாவிலிருந்தோ 7,500 மைலுக்குக் குறைவாக ஓடிய வண்டியை வாங்கி வந்தால், அது கலிஃபோர்னியா சான்று பெற்ற மாடலாக இல்லாவிட்டால் வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி பதிவு செய்யாது. அந்த மாநிலத்தில் வசித்தபோதே உங்கள் பெயரில் பதிவு செய்து ஓட்டிய வண்டியோடு குடிபெயர்ந்து வந்தால் விலக்கு உண்டு. ஆகவே முன்பணம் அனுப்பும் முன், ஃபிரேமில் ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் கலிஃபோர்னியாவின் பெயர் இருக்க வேண்டும். படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வண்டி வாங்க வேண்டாம்.