உடன்படிக்கை: ஜனவரி முதல் ஞாயிறு நாம் வாசிக்கிற சொல்

ஜனவரி முதல் ஞாயிறு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள் பலவற்றில் 'உடன்படிக்கை ஆராதனை' நடக்கும். பேச்சில் 'கவனன்ட் சர்வீஸ்' என்பார்கள். இந்த வருடம் அது முடிந்து வெளியே வரும்போது வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, உடன்படிக்கைன்னா நியூ இயர் ரெசல்யூஷன்தானே?" வாசலில் நின்று பதில் சொல்ல நேரம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். உடன்படு என்கிற வினையிலிருந்து வந்தது. நம்பு நம்பிக்கை ஆனது போல, கோரு கோரிக்கை ஆனது போல, உடன்படு உடன்படிக்கை ஆனது. பழைய எழுத்தில் உடம்படிக்கை என்றும் வரும், அதுவும் சரிதான். உடம்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, உடன் என்பதுதான் உடம் என்று திரிந்திருக்கிறது. குறளில் உட்பகை அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள், 890: "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று." குடங்கர் என்றால் குடிசை. மனம் ஒத்துவராதவரோடு வாழ்வது, ஒரே குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பது போல. ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் உடம்பாடு வந்துவிடாது, உள்ளம் சேர்ந்தால்தான் உண்டு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு இன்னும் பிடித்தது இலக்கண வகுப்பில் படித்த உடம்படுமெய். திரு, அருள் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ஒரு உயிரெழுத்தில் முடிந்து இன்னொரு உயிரெழுத்தில் தொடங்குவதால் நாக்கு நடுவில் தடுக்கும். ஒரு வகரம் வந்து நடுவில் நின்றால் திருவருள் ஆகிவிடுகிறது. தானாகச் சேராத இரண்டை உடன்படுத்தி வைக்க நடுவில் ஒன்று வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எபிரெயர் நிருபம் இயேசுவைப் புது உடன்படிக்கையின் மத்தியஸ்தர் என்று சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வகரம்தான் ஞாபகம் வரும்.

சரி, வேதத்தில் இந்தச் சொல் எதன் மொழிபெயர்ப்பு? எபிரேயத்தில் பெரீத். அதோடு பெரும்பாலும் சேர்ந்து வருகிற வினை 'வெட்டு'. நாம் உடன்படிக்கை பண்ணுகிறோம், அவர்கள் உடன்படிக்கையை வெட்டினார்கள். ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம் போக வேண்டும். ஆபிராம் (பிறகு ஆபிரகாம்) ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவாகப் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். இறைச்சியின் மேல் இறங்கும் பறவைகளைத் துரத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்து வழக்கப்படி உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடந்துபோக வேண்டும், சொன்ன சொல் தவறினால் எனக்கும் இந்தக் கதி ஆகட்டும் என்று பொருள். எரேமியா 34-லும் இதே வழக்கம் வருகிறது. ஆனால் சூரியன் அஸ்தமிக்கிற நேரத்தில் ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வந்துவிடுகிறது. இருட்டினபின் துண்டங்களின் நடுவே கடந்துபோவது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும். ஆபிராம் நடக்கவே இல்லை. கர்த்தர் ஒருவரே கடந்துபோகிறார், பொறுப்பு முழுவதையும் தாமே ஏற்றுக்கொள்கிறார். இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள், ஜனவரி மாதத்துக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்குத் தெரியவில்லை.

இதனால்தானோ என்னவோ, பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் பெரீத் என்பதற்கு, இரண்டு சமமானவர்கள் பேசி முடிக்கிற ஒப்பந்தத்துக்கு உரிய சுந்தேக்கே என்ற சொல்லை விட்டுவிட்டு, தியாத்தேக்கே என்ற சொல்லை எடுத்தார்கள். ஒருவர் தாமாக முடிவு செய்து எழுதிவைக்கிற ஏற்பாடு, உயில் கூட அதுதான். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அந்த ஒரே கிரேக்கச் சொல் மூன்று விதமாக வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? புத்தகத்தின் பெயராக வரும்போது புதிய ஏற்பாடு, இராப்போஜனத்தில் "புதிய உடன்படிக்கை", எபிரெயர் 9-இல் "மரணசாசனம்". உடன்படிக்கை என்ற சொல்லில் 'உடன்' இருப்பதால் இரண்டு பேரும் சமம் என்கிற எண்ணம் நமக்கு எளிதாக வந்துவிடும், ஏற்பாடு என்ற சொல் அதைச் சரிசெய்கிறது. ஆதியாகமம் 9-இல், தேவன் நோவாவுக்கு வானவில்லைக் காட்டிச் சொல்லும்போது, "நான் ஏற்படுத்தின உடன்படிக்கை" என்று வருகிறது பாருங்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். ஏற்படுத்துவது அவர், உடன்படுவது நாம்.

ஆராதனை முறை எப்படி வந்தது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சுக் கோயிலில் முதல் முறை நடத்தினார். அதில் வாசித்த வார்த்தைகள் அவருக்கு முந்தைய நூற்றாண்டுப் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் அலீன் எழுதியவை. ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்ததாக வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாதம் ஆகஸ்ட், வருடப் பிறப்பு அல்ல. புத்தாண்டோடு சேர்ந்தது அப்புறம்தான். மெதடிஸ்ட் மிஷனரிகள் 1814-இல் இலங்கைக்கும், அங்கிருந்து 1817-இல் சென்னைக்கும் வந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர்களும் அதில் சேர்ந்தார்கள். இன்று ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த கோயில்களிலும் இதை நடத்துவது அப்படித்தான்.

இந்த ஆராதனையில் சபையாக வாசிக்கிற உடன்படிக்கை ஜெபத்தை வாயளவில் படிக்க முடியாது. நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று தொடங்கும். உமக்காக வேலை செய்ய வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக இருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் சரி என்று போகும். என் அம்மா பல வருடம் ஞாயிறு பள்ளி எடுத்தவர். கண் மங்கிப்போய் அதை விட்ட வருடம், அச்சிட்ட தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சபையோடு சேர்ந்து வாசித்து வந்தவர், 'ஒதுக்கி வைத்தாலும்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். சபை இரண்டு வரி தாண்டிப் போய்விட்டது. அப்புறம் அவர் மட்டும் தனியாக, மெல்லிய குரலில், அந்த வரியைச் சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, இட்லிக்கு ஊறப் போட்ட அரிசியைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது தம்பி கேட்டதற்கு வருகிறேன். புத்தாண்டு நேரத்தில் நான்கு சொற்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தீர்மானம் நான் எனக்கே சொல்லிக்கொள்வது: காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பேன் என்பது போல. வாக்குத்தத்தம் கர்த்தர் எனக்குச் சொல்வது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கையில் கொடுக்கிற வசன அட்டையை அதனால்தான் வாக்குத்தத்த அட்டை என்கிறோம். பொருத்தனை நான் அவருக்கு நேர்ந்துகொள்வது. யாக்கோபு பெத்தேலில், நீர் என்னைக் காப்பாற்றி, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்தால் நான் இதைச் செய்வேன் என்று சொன்னாரே, அது. உடன்படிக்கை அவர் ஏற்படுத்தினதற்கு நான் உடன்படுவது, அதில் இந்த 'தந்தால்' கிடையாது. அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு உடன்படிக்கைத் தாளை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வருவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, இரண்டும் ஒரே உறவின் இரண்டு பக்கம் இல்லையா?

யோசுவா 24-இல் வருகிற "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" நம் வீட்டுச் சுவர்களில் சட்டம் போட்டுத் தொங்கும். அதே அதிகாரத்தில் ஜனங்களும் நாங்களும் சேவிப்போம் என்று உற்சாகமாகச் சொன்னதும், உங்களால் முடியாது, அவர் பரிசுத்தமுள்ள தேவன் என்று யோசுவா தடுக்கிறார். யோசித்துச் சொல்லுங்கள் என்கிற மாதிரி. அதன் பிறகுதான் அன்றைக்கு உடன்படிக்கை பண்ணி, ஒரு பெரிய கல்லைக் கர்வாலி (ஓக்) மரத்தின்கீழ் நாட்டுகிறார்.

தமிழாக்கம் பற்றிக் கேட்பவர்களுக்கு: உடன்படிக்கை சுத்தத் தமிழ், மாற்ற வேண்டியதே இல்லை. விசுவாசம் வடமொழி, அதற்கு நம்பிக்கை என்ற சொல் இருக்கிறது. ஒப்பந்தம் என்று மாற்றாதீர்கள், அது காண்ட்ராக்டருக்கும் வாடகை வீட்டுக்கும் போதும். 'உடன்படிக்கை எடுத்தேன்' என்பதும் சரியில்லை, தீர்மானம்தான் எடுப்பது. உடன்படிக்கை செய்கிறோம், பண்ணுகிறோம். ஜனவரியில் அதைப் புதுப்பிக்கிறோம், அதாவது ஞானஸ்நானத்தில் ஏற்கெனவே உள்ளதற்கு இன்னொரு முறை ஆமென் சொல்கிறோம். அடுத்த வருட அழைப்பிதழில் 'உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் ஆராதனை' என்று, நடுவில் 'ப்' விட்டுப்போகாமல் போடுங்கள்.