டிஸ்கோகிராபி: படமெடுப்பா, வலியைத் தட்டி எழுப்புவதா?

இணையத்தில் டிஸ்கோகிராபி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பாடகர்களின் இசைத்தட்டுப் பட்டியல்தான். நாம் பேசப்போவது முதுகுவலிக்காரர்களுக்குச் செய்யும் டிஸ்கோகிராபி என்ற சோதனையைப் பற்றியும், அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதைப் பற்றியும்.

டிஸ்கோஸ் என்றால் கிரேக்கத்தில் விளையாட்டில் வீசும் வட்டு. கிராபைன் என்றால் எழுதுவது, வரைவது. பள்ளி விளையாட்டு விழாவில் வட்டெறிதல் என்கிறோமே, அதே வட்டுதான்! முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் 23 டிஸ்குகளுக்கும் இடைவட்டு என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஊரில் 'ஜவ்வு விலகிடுச்சு' என்பார்கள். ஆனால் இது ஜவ்வு இல்லை, வெளியே நார் வளையமும் உள்ளே கூழும் உள்ள தட்டு, எங்கும் விலகிப் போவதும் இல்லை, பிதுங்கும் அல்லது கிழியும்.

சரி, சோதனைக்கு வருவோம். வலி எந்த வட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஸ்வீடன் மருத்துவர் க்னூட் லிண்ட்ப்ளூம் 1948இல் எழுதிய முறை இது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி வட்டுக்குள் ஊசி விட்டு, படத்தில் தெரிகிற மருந்தைச் செலுத்துவார்கள். எந்த வட்டு என்று சொல்லமாட்டார்கள், ஒவ்வொன்றாக அழுத்தம் ஏற்றிவிட்டு, 'வலிக்கிறதா? தினமும் வருகிற அதே வலியா, வேறா?' என்று கேட்பார்கள், அதற்காகவே ஆளை முழுசாக மயக்குவதில்லை. எம்ஆர்ஐயில் வலியே இல்லாதவர்களுக்கும் வட்டு பிதுங்கித் தெரியும் என்பதால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு.

ஆனால் பதிலையும் அப்படியே நம்பமுடியாது. 1968இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத சிறைக்கைதிகளிடம் செய்து பார்த்தபோது பலருக்கு வலித்தது. ஊசி பட்ட வட்டு பின்னாளில் சீக்கிரம் தேய்வதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. வட்டில் கிருமித்தொற்று வரும் அபாயமும் உண்டு. அதனால் இப்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கு முன், அதுவும் யோசித்துத்தான் செய்கிறார்கள்.

தமிழில் 'வட்டு வரைவு' என்று நேராக மாற்றலாம். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் சோதனையின் உயிர் படத்தில் இல்லை, நோயாளி சொல்லும் பதிலில் இருக்கிறது. 'இடைவட்டு வலித்தூண்டல் சோதனை' என்றால் படுக்கப்போகிறவருக்கு என்ன நடக்கும் என்றாவது தெரியும். கையில் வரும் படத்தை மட்டும், அதாவது டிஸ்கோகிராமை, வட்டுப்படம் என்று வைத்துக்கொள்ளலாம்.