கரும்பு லோடு டிராக்டரை எத்தனைன்னு எண்ணுவீங்க?

ரோடு டிசைன்னு சொன்னதும் நிறைய பேரு அகலத்தத்தான் கேக்குறாங்க, ரெண்டு லேனா நாலு லேனாங்கறது அப்புறம், முதல்ல அதுல என்னென்ன வண்டி போகுதுன்னு தெரியணும். ஒரு ரோட்டுல பைக்கும் டிராக்டரும் ஒரே கணக்குல வராது, அதனால எல்லாத்தையும் காருக்கு மாத்தி எண்ணுவோம், அதுக்குப் பேரு பிசியு (பாசஞ்சர் கார் யூனிட்). ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 64ன்னு ஒரு வழிகாட்டி இருக்கு, அந்த 1990 புத்தகத்தின் படி கார் 1, பைக் 0.5, பஸ் லாரி 3, டிரெய்லர் மாட்டுன டிராக்டர் 4.5, மாட்டு வண்டி 8! மாட்டு வண்டி சின்னதுதானேன்னு கேப்பீங்க, அது எடுத்துக்கிற இடத்த விட பின்னாடி வர்றவன நிறுத்தி வைக்கிற நேரம்தான் கணக்கு.

கடலூர் பக்கம் ரோட்டுல போற வண்டிய எண்ணி ஒரு கவுண்ட் எடுத்தப்போ ராத்திரி ஷிப்ட்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்து பசங்க கோடு போட்டுட்டு இருந்தாங்க, ஷீட்ட வாங்கிப் பாத்தா கரும்பு லோடு பூரா வெறும் டிராக்டர் கட்டத்துல கெடக்கு. அந்தக் கட்டம் 1.5, பக்கத்து கட்டம் 4.5, ஒரு கட்டம் தள்ளிப் போட்டா மூணுல ஒரு பங்குதான் கணக்குல வரும். அந்தப் பையனத் திட்டி என்ன பண்றது, யாரும் அவனுக்குச் சொல்லல (நானும்தான்).

இதவிட பெரிய தப்பு எந்த வாரத்துல எண்ணுறோங்கறது. ஒரு கணக்கு பாருங்க, பைக் 3,200, கார் 2,000, பஸ் லாரி 1,500, டிராக்டர் டிரெய்லர் 200, மொத்தம் ஒரு நாளைக்கு 9,000 பிசியு. சமதளத்துல வளைவு கம்மியா இருக்கற ரெண்டு லேன் ரோட்டுக்கு டிசைன் அளவு ஒரு நாளைக்கு 15,000 பிசியு, வருஷம் 5 சதவீதம் ஏறுனாலும் தாண்ட 11 வருஷம் ஆகும், கவலையில்ல. அதே ரோட்ட கரும்பு அரவை சீசன்ல எண்ணுங்க, டிரெய்லர் 200 இல்ல 1,000ன்னு வைங்க, 12,600 ஆயிடும், நாலாவது வருஷமே தாண்டிடும். வண்டி எண்ணுறதுக்கான ஐஆர்சி 9ல அறுவடை சீசன்ல ஒன்னு, மந்தமான காலத்துல ஒன்னுன்னு ரெண்டு தடவ, ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து 7 நாள் எண்ணச் சொல்றது சும்மா இல்ல. ஆனா டெண்டர் எப்ப கைக்கு வருதோ அப்பதான் எண்ணுறோம், அதான் நம்ம பொழப்பு.

இன்னொன்னு, 15,000ங்கறது ரோடு திணறி நிக்கிற அளவு இல்ல, உண்மையான கொள்ளளவுல அது சுமார் பாதி. வண்டிங்க எவ்வளவு தாராளமா போகுதுங்கறதுக்கு சர்வீஸ் லெவல்னு ஒரு தரம், நல்லா போற ஏ-ல இருந்து திணறி நிக்கிற எஃப் வரைக்கும் இருக்கு, ஊருக்கு வெளிய இருக்கற ரோட்ட நாம பி-க்கு டிசைன் பண்றோம், முன்னாடி போறத முந்த இடைவெளி கெடைக்கணுமில்ல. அதனால 16,000 வந்துட்டா உடனே நாலு லேன்னு குதிக்க வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் ஷோல்டருக்கு, அதாவது ரோட்டோரத்துக்கு, தார் போட்டாலே 15 சதவீதம் கூடும், 17,250 வரைக்கும் போகலாம். அந்த ஷோல்டர்ல பழக்கடை போடாம இருந்தா.