நாலு வயசுப் பொய்யும் ஒன்றரை வயசு விரலும்

"மேடம், புள்ள பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டான்" என்று கலங்கிப்போய் வருகிற அப்பா அம்மாக்களை அடிக்கடி பார்க்கிறேன். பையனுக்கு மூன்றரை, நாலு வயசு இருக்கும். சுவரெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கிவிட்டு, தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதத் தங்கையைக் காட்டி "பாப்பாதான் பண்ணா" என்றிருப்பான். இந்த வயசிலேயே இப்படியென்றால் நாளைக்கு எப்படியோ என்று பெற்றவர்களுக்கு ராத்திரித் தூக்கம் போயிருக்கும். அதே கிளினிக்கில், பக்கத்து அறைக் குழந்தை மருத்துவரிடம் தடுப்பூசிக்கு வந்த ஒன்றரை வயதுப் பிள்ளை எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வீட்டில் யாருக்கும் பதற்றம் கிடையாது. "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும். இவங்கப்பாவும் அப்படித்தான்."

பெங்களூரு முருகேஷ்பாளையா பக்கம் குழந்தைகள் மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு, இந்தக் கவலையும் நிம்மதியும் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றுகிறது.

முதலில் பொய்யைப் பார்ப்போம். தன் தலைக்குள் இருப்பது அம்மாவின் தலைக்குள் இல்லை என்று தெரிந்தால்தான் ஒரு குழந்தையால் நம்பும்படி பொய் சொல்ல முடியும். மூன்று வயதில் இது இன்னும் சரியாகப் பிடிபட்டிருக்காது. வாணியம்பாடியிலிருந்து பாட்டி போனில் "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்பார். குழந்தை வாயைத் திறக்காமல் பலமாகத் தலையை மட்டும் ஆட்டும். மறுமுனையில் பாட்டிக்குத் தெரியாது என்பது அதற்குத் தோன்றாது. கண்ணாமூச்சியில் திரைச்சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகும் காலும் வெளியே தெரிய நிற்பதும் இந்த வயதில்தான்.

கிளினிக்கில் ஒரு சின்னச் சோதனை செய்வோம். ஜெம்ஸ் பாக்கெட்டுக்குள் சட்டைப் பட்டன்களைப் போட்டு மூடிவிடுவேன். "உள்ள என்ன இருக்கு?" "ஜெம்ஸ்!" திறந்து காட்டினால் முகம் சுருங்கும். மறுபடி மூடிவிட்டுக் கேட்பேன்: "வெளியில உக்காந்திருக்கிற அம்மா இதைப் பார்க்கவே இல்லை. அவங்ககிட்ட காட்டினா உள்ள என்ன இருக்குன்னு சொல்லுவாங்க?" மூன்று வயதுக் குழந்தை தயங்காமல் "பட்டன்" என்னும். அடுத்த கேள்வியில்தான் பெற்றவர்கள் அசந்துபோவார்கள். "சரி, திறக்கறதுக்கு முன்னாடி நீ என்ன நினைச்ச?" அதற்கும் "பட்டன்". ஒரு நிமிடத்துக்கு முன் ஜெம்ஸ் என்று குதித்த குழந்தைதான் இது. மழுப்பவில்லை, உண்மையாகவே அப்படித்தான் சொல்கிறது. அடுத்தவர் தப்பாக நினைக்கக்கூடும் என்பதும், தானே தப்பாக நினைத்திருந்தோம் என்பதும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் விளங்குகின்றன. தன்னை அறிவது ஒரு பாடம், பிறரை அறிவது வேறு பாடம் என்று இல்லை.

இது 1980-களில் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய் டப்பாவில் பென்சிலைப் போட்டு மூடிச் செய்த சோதனையின் நம்மூர் வடிவம். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்து மட்டும் செய்யவே கூடாது. அதற்குள் துவரம்பருப்புதான் இருக்கும் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலேயே தெரியும்.

நாலரை, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் சரியான பதிலுக்கு வந்துவிடுகிறார்கள். கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என்று ஐந்து நாடுகளில் இதே வகைச் சோதனை செய்து 2005-ல் வெளியான ஆய்விலும், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்த மாற்றம் எல்லா இடத்திலும் தெரிந்தது.

பொய்யும் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. 1989-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளிடம் பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் பார்த்துவிட்டார்கள். பார்த்ததாக ஒப்புக்கொண்டவர்கள் அவர்களில் பாதிகூட இல்லை. ஆனால் சின்னப் பிள்ளைகளின் பொய்க்கு ஆயுள் குறைவு. "நான் பார்க்கலையே" என்ற கையோடு "அது யானை பொம்மை" என்று தானே உளறிவிடும். பார்க்காதவருக்கு அது தெரிந்திருக்கக் கூடாது என்று கணக்குப் போட இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அதனால் பொய்யைக் கொண்டாட வேண்டும் என்று சொல்லவில்லை. பொறி வைக்காதீர்கள் என்கிறேன். கிறுக்கியது யார் என்று தெரிந்துகொண்டே "யாரு பண்ணது? உண்மையைச் சொல்லு" என்று கையை ஓங்கிக்கொண்டு கேட்டால், பொய்யை நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம். "சுவர்ல கிறுக்கியிருக்க. வா, ரெண்டு பேரும் துடைப்போம்" என்றால் அங்கே பொய்க்கு வேலையே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளியானது. அடிக்கிற பள்ளியின் பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொன்னார்கள், மாட்டிக்கொள்ளாமலும் சொன்னார்கள். அடி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

"சாரி சொல்லு" என்று தலையைப் பிடித்து அழுத்துவதைவிட, "நீ பிடுங்கினதும் அவ ஏன் அந்த மூலைல போய் உக்காந்துட்டா?" என்று கேட்பது நல்லது. வீட்டில் இப்படி மனசைப் பற்றிய பேச்சு புழங்கும் பிள்ளைகளுக்கு அடுத்தவர் நினைப்பு சீக்கிரம் புரிகிறது. அண்ணன் தங்கை உள்ள வீட்டில் அந்தப் பேச்சு தினமும் சண்டையாக நடந்துவிடும். ஃப்ளாட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்வதற்கு நாம்தான் பேச வேண்டும்.

இனி ஒன்றரை வயது. இந்தச் சமயத்தில் பல வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. 18 முதல் 24 மாதத்துக்குள் பல குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று கண்டுகொள்கின்றன. மூக்கில் தெரியாமல் பொட்டு வைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினால் கை தன் மூக்குக்குப் போகும். (பிறந்ததிலிருந்து கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு வளர்கிற நம் பிள்ளை அதைத் துடைக்காமல் விட்டாலும் ஆச்சரியமில்லை. இதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்வதில்லை.) "என்து, என்து" என்று பொம்மையைப் பிடித்துக்கொள்வதும் சுயநலம் இல்லை. 'நான்' என்று ஓர் ஆள் இருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் வருவது விரல். எங்கள் பக்கத்தில் எச்.ஏ.எல். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போகும். ஒரு வயது தாண்டிய குழந்தை சத்தம் கேட்டு நிமிரும், விரலை நீட்டும், அப்புறம் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கும். 'நீயும் பார்த்தாயா?' என்று கேட்கிற அந்தப் பார்வையைத்தான் நாங்கள் தேடுகிறோம். பிஸ்கட் வேண்டுமென்று அம்மா கையைப் பிடித்து டப்பாவுக்கு இழுத்துப் போவது வேறு. அதில் தேவை இருக்கிறது, பகிர்தல் இல்லை. பெற்றவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணி "காட்டுவான் மேடம்" என்று விடுவார்கள்.

18 மாதத்தில் இந்தக் காட்டல் இல்லை, பெயருக்குத் திரும்புவதும் இல்லை என்றால் ஆட்டிசத்துக்கான (பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபடும் வளர்ச்சி நிலை) பரிசோதனை தேவை. 1985-ல் லண்டன் ஆய்வாளர்கள், கோலிக்குண்டை ஒரு பொம்மை வைத்துவிட்டுப் போன பிறகு இன்னொரு பொம்மை அதை இடம் மாற்றும் சோதனையை ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் செய்தார்கள். திரும்பி வரும் பொம்மை கோலிக்குண்டை எங்கே தேடும் என்பதை 4 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு 'ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பாசம் தெரியாது' என்று பேசுகிறவர்கள் உண்டு. அது தப்பு. அடுத்தவர் நினைப்பை ஊகிக்கச் சிரமப்படுவதும் பாசம் இல்லாததும் ஒன்றல்ல.

பெங்களூரில் இன்னொரு சாக்கும் தயாராக இருக்கும்: "வீட்ல தமிழ், ஆயாகிட்ட கன்னடம், டே கேர்ல இங்கிலீஷ், அதான் குழம்பிட்டான்." பல மொழிகள் ஆட்டிசத்தைக் கொண்டுவருவதில்லை, விரலையும் மடக்குவதில்லை. யாருக்கு எந்த மொழி தெரியும் என்று பார்த்துப் பேசுகிற பிள்ளைகள், அடுத்தவர் நினைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் கொஞ்சம் முன்னதாகவே தேறியதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழை நிறுத்தச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள்.

சந்தேகம் இருந்தால் முதலில் காது. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்துவிடுங்கள். கேட்காத குழந்தையும் பெயருக்குத் திரும்பாது. அதோடு, 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட்-ஆர் என்ற 20 கேள்விப் படிவத்தைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி நிரப்பலாம். அது கண்டுபிடிக்கும் படிவம் இல்லை, வடிகட்டும் படிவம். அதில் சந்தேகம் வந்தால் ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது, குழந்தை வீட்டில் சாதாரணமாக விளையாடுவதை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதை, போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் அம்மா மடியை விட்டு இறங்குவதே இல்லை.