மூக்கு குனிந்த பிக்கப்: லெவலிங் கிட் உள்ளே என்ன செய்கிறது?

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பெரிய கடையின் பார்க்கிங்கில், வரிசையாக நிற்கும் பிக்கப் ட்ரக்குகளைப் பக்கவாட்டில் பாருங்கள். காலியாக நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை மூக்கைக் கொஞ்சம் குனிந்தபடிதான் இருக்கும். பின்சக்கரத்துக்கு மேலே இடைவெளி அதிகம், முன்சக்கரத்துக்கு மேலே குறைவு. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500 வகை வண்டிகளில் இந்தச் சரிவு ஏறக்குறைய 2 அங்குலம் வரும்.

டெக்சஸில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தக் குனிவு பிடிக்கவேயில்லை. "முன்னாடி குப்புற விழப்போற மாதிரி நிக்குதுப்பா, 2 இன்ச் லெவலிங் கிட் போட்டுடலாமா?" என்று போனில் கேட்டார். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்திச் சமமாக்கும் பாகங்களைத்தான் லெவலிங் கிட் என்கிறார்கள். அவரிடம் எஃப்-150 இருக்கிறது. பல சனிக்கிழமைகளில் ட்ரெய்லரில் படகைக் கட்டி ஏரிக்கு இழுத்துப்போவார். அந்தப் படகு இல்லாவிட்டால் என் பதில் சுலபமாக இருந்திருக்கும்.

வண்டி குனிந்து நிற்பதற்குக் காரணம் பின்னால் இருக்கும், சுமை ஏற்றும் திறந்த தொட்டி. பிக்கப்பின் சுமை முழுவதும் பின்ஆக்சிலை ஒட்டித்தான் ஏறுகிறது. எஃப்-150-இல் பின்பக்கத்தைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங், அதாவது லாரிக்கு அடியில் அடுக்கடுக்காகத் தெரியுமே, அந்தப் பட்டைகள். ஒரு பக்கத்துப் பட்டை ஒரு சென்டிமீட்டர் தாழ 45 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில், ஆக்சிலுக்கு நேர் மேலே, 450 கிலோ ஏற்றினால் ஒரு பக்கத்துக்கு 225 கிலோ. வண்டியின் பின்புறம் 5 செ.மீ., அதாவது சுமார் 2 அங்குலம் இறங்கிவிடும். காலியாக இருக்கும்போது குனிந்திருந்த வண்டி, சுமையோடு சாலையில் போகும்போது சமமாக நிற்கும். அந்த 2 அங்குலத்தைச் சுமைக்கென்று தொழிற்சாலையிலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

லெவலிங் கிட் பின்பக்கத்தைத் தொடாது. முன்பக்கத்தை மட்டும் தூக்கும். சிலர் அழகுக்காகப் போடுகிறார்கள், சிலர் முன்னால் பெரிய டயர் போட இடம் வேண்டுமென்று போடுகிறார்கள். இரண்டுமே நியாயமான ஆசைதான். ஆனால் "2 அங்குலக் கிட்" என்ற ஒரே பெயரில் கடையில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. சஸ்பென்ஷனுக்குள், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்துத் தாங்கும் அமைப்புக்குள், அவை செய்யும் வேலை ஒன்றுக்கொன்று நேர் எதிராகக்கூட இருக்கும்.

முதலில் முன்சக்கரம் எப்படித் தொங்குகிறது என்று பார்ப்போம். எஃப்-150-இல் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கன்ட்ரோல் ஆர்ம்கள், அதாவது மேலும் கீழும் அசையும் கைகள், பிடித்திருக்கின்றன. கீழ் ஆர்மின் நடுவாக்கில் ஸ்ட்ரட் உட்கார்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுதிதான் ஸ்ட்ரட். அதன் தலை சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மூன்று நட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும்.

ஸ்ட்ரட் ஆர்மின் நடுவில் இருப்பதால் ஒரு விஷயம் நடக்கிறது. கதவை அதன் நடுவில் கைவைத்து ஒரு சாண் தள்ளுங்கள், விளிம்பு இரண்டு சாண் நகரும். அதேபோல ஸ்ட்ரட்டை 1 அங்குலம் கீழே தள்ளினால் சக்கரம் ஏறக்குறைய 2 அங்குலம் கீழே போகும். சக்கரம் தரையில்தானே நிற்கிறது? அதனால் வண்டி 2 அங்குலம் மேலே ஏறும். கிட்டைப் பிரித்துப் பார்த்து, "2 அங்குலம் என்றார்கள், உள்ளே ஒரு அங்குலத் துண்டுதானே இருக்கிறது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். கணக்கு சரிதான். வண்டிக்கு வண்டி இந்த விகிதம் கொஞ்சம் மாறும்.

இனி அந்தத் துண்டை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதல் வழி, ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைப்பது. ஸ்பிரிங்குக்கு இதைப் பற்றித் தெரியவே தெரியாது. அதே எடை, அதே அமுக்கம். வண்டி ஓடும் சுகமும் பெரிதாக மாறாது. ஆனால் ஸ்ட்ரட் முழுவதுமாகவே கீழே இறங்கிவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் விழுந்து தொங்கும்போது முன்பு நின்ற இடத்தைவிட 2 அங்குலம் கூடுதலாகக் கீழே போகும். மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டை அந்த ஆழத்துக்கென்று யாரும் வடிவமைக்கவில்லை. மேல் ஆர்ம் ஸ்பிரிங் சுருளில் போய் இடிக்கலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் உள்ள சிவி ஜாயின்ட் என்ற மூட்டு மிகவும் வளைந்து, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். சக்கரம் மேலே எழும்பும்போது எல்லையில் நிறுத்தும் ரப்பர் தடுப்பு சேஸிஸில் தனியாக இருக்கும் வண்டி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்டில் ஏறும்போது சக்கரம் அந்தத் தடுப்பைத் தொடுமுன் ஷாக்கே அடிமுட்டிவிடும்.

இரண்டாவது வழி, ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பிரித்து, ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவே துண்டை வைப்பது. இதைப் போட்டால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. மெத்தைக்கு அடியில் ஒரு பலகையைச் செருகினால் நீங்கள் உயரமாக உட்காருவீர்கள், ஆனால் மெத்தை அமுங்குவது அதே அளவுதான். உங்கள் எடை மாறவில்லையே! இங்கும் அப்படித்தான். வண்டியின் எடை ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்கியதோ அவ்வளவுதான் இப்போதும் அமுக்கும்.

அப்படியானால் இந்த வகைக் கிட் போட்டவர்கள் ஏன் "வண்டி தூக்கிப்போடுது" என்கிறார்கள்? காரணம் ஷாக்கில் இருக்கிறது. ஷாக்கின் மொத்த நீளம் மாறவில்லை, ஆனால் வண்டி நிற்கும் நிலையிலேயே அது முன்பைவிட நீண்டு நிற்கிறது. சக்கரம் கீழே தொங்குவதற்கு முன்பு 4 அங்குலம் இடம் இருந்தது என்றால் இப்போது 2 தான் மிச்சம். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு, டக் என்று முட்டும். அந்தச் சத்தத்தையும் அதிர்ச்சியையும்தான் ஸ்பிரிங் இறுகிவிட்டது என்று நினைக்கிறோம். இந்த வழியில் ஒரு நன்மை உண்டு. சக்கரம் தொங்கும் கடைசி எல்லை பழையபடியே இருப்பதால் பால் ஜாயின்ட்டும் சிவி ஜாயின்ட்டும் புதிய கோணம் எதையும் பார்ப்பதில்லை.

ஆக, முதல் வழி மூட்டுகளிடமிருந்து கடன் வாங்குகிறது, இரண்டாவது ஷாக்கிடமிருந்து. எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: துண்டே வேண்டாம், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு வரும் ஷாக்கையே வாங்கிவிடுவது. பில்ஸ்டைன் 5100 இந்த வகை. அதன் உடலில் வரிவரியாகக் காடிகள் இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டின் வளையத்தை எந்தக் காடியில் மாட்டுகிறோமோ அந்த உயரம். தத்துவம் இரண்டாவது வழிதான், ஆனால் அந்த உயரத்துக்கென்றே ஷாக்கை அமைத்திருக்கிறார்கள். விலை கூடுதல். ஏற்கெனவே 60,000, 70,000 மைல் ஓடி ஷாக் தளர்ந்த வண்டி என்றால் யோசிக்காமல் இதற்கே போகலாம்.

ஃபோர்டு எஃப்-250 போன்ற கனரகப் பிக்கப்களின் கதை வேறு. நான்கு சக்கர இயக்கம் உள்ள எஃப்-250-இல் முன்னால் ஒரே கட்டையான ஆக்சில், அதன்மேல் நேராகச் சுருள் ஸ்பிரிங். அங்கே 2 அங்குலம் வேண்டுமென்றால் 2 அங்குலத் துண்டுதான் வைக்கவேண்டும். சில்வராடோ 2500-இல் சுருளே கிடையாது. முறுக்கப்பட்ட நீளமான எஃகுத் தண்டுதான் ஸ்பிரிங். அதன் முறுக்கைக் கூட்டினால் மூக்கு எழும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் டேப்பை எடுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது வலது வித்தியாசமும் அப்போதுதான் தெரியும். டொயோட்டா டகோமாவில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் பக்கம் இருப்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்பது வழக்கம். முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 2 அங்குலம் என்றால் முழு 2 அங்குலத்தையும் எடுத்துவிடாதீர்கள். நண்பருக்கு நான் சொன்னது ஒன்றரை.

காரணம் அந்தப் படகு. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கியில் இறங்கவேண்டும் என்பது பொதுக் கணக்கு. 4,000 பவுண்டு படகு என்றால் கொக்கியில் 400 முதல் 600 பவுண்டு. கொக்கி பின்ஆக்சிலுக்கும் பின்னால் இருப்பதால் அது பின்பக்கத்தை அமுக்குவதோடு முன்பக்கத்தைத் தூக்கவும் செய்யும். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி எழும்பி மாட்டின் கழுத்தை இழுக்குமே, அதேதான். முன்டயர் லேசாகிப்போனால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிக்கும் பிடி குறையும். சரிவை முழுவதும் எடுத்துவிட்ட வண்டி, ட்ரெய்லரை மாட்டியதும் வானத்தைப் பார்க்கும். முன்பக்கம் வெகுவாக எழும்பி நிற்கும்படி வண்டியை மாற்றுவதை வடக்கு கரோலினா மாநிலம் 2021-இல் சட்டம் போட்டே தடுத்தது. முன் மட்கார்டு பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக்கூடாது.

வேலையைச் சொல்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள். சேஸிஸுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். சக்கரத்தைக் கழற்றியதும் ஏபிஎஸ் ஒயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளை முதலில் விடுவியுங்கள். ஆர்மை இறக்கும்போது இவைதான் இழுபட்டு அறுந்துபோகும். பிறகு ஸ்டெபிலைசர் பார் இணைப்பு, டை ராட், மேல் பால் ஜாயின்ட், ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகள், கடைசியில் தலையில் உள்ள மூன்று நட்டுகள். ஸ்ட்ரட் கைக்கு வந்துவிடும்.

தலைமேல் வைக்கும் துண்டு என்றால் அப்படியே பூட்டிவிடலாம். ஸ்பிரிங்கைப் பிரிக்கவேண்டிய கிட் என்றால் அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 10 செ.மீ. அமுக்கி வைத்தால் அதற்குள் 500 ஜூல் சக்தி அடைந்திருக்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம் அது. பட்டறையில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும், சுவரோடு பொருத்திய கம்ப்ரஸர் இருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் கொடுத்தால் முடித்துத் தருவார்கள்.

திரும்பப் பூட்டும்போது பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையில் அதை இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய பிறகு இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துபோகும். இப்போதைய எஃப்-150-க்குச் சக்கர நட்டின் இறுக்கம் 150 பவுண்டு-அடி. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து இறுக்கி, 100 மைல் ஓடியதும் மறுபடி சோதியுங்கள்.

அடுத்து நேராக வீல் அலைன்மென்ட். ஆர்ம்கள் வட்டப் பாதையில் நகர்வதால், வண்டி உயர்ந்ததும் சக்கரத்தின் சாய்வும் இரண்டு சக்கரங்களின் நேர்கோடும் மாறிவிடும். தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேய்ந்துவிடும். முன்னால் ரேடாரும் கேமராவும் உள்ள புது வண்டி என்றால் அவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவையும் வண்டியோடு சேர்ந்து நிமிர்ந்திருக்கும்.

எவ்வளவு நிமிர்ந்திருக்கும்? எஃப்-150-இல் பரவலாக விற்கும் நாலு கதவு வண்டியின் இரு ஆக்சில்களுக்கு இடையே சுமார் 145 அங்குலம். முன்னால் 2 அங்குலம் தூக்கினால் வண்டி 0.8 டிகிரி நிமிரும். கேட்க அற்பமாகத் தெரிகிறது. ஆனால் 100 மீட்டர் தள்ளி ஹெட்லைட் வெளிச்சம் பழைய இடத்தைவிட ஏறக்குறைய 1.4 மீட்டர் மேலே விழும். எதிரே வருகிறவரின் கண் உயரம் அது. கிட் போட்டவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும்.

அதனால் நண்பரிடம் ஒரு வேலை சொன்னேன். வண்டியில் கை வைப்பதற்கு முந்தின இரவு, காரேஜ் கதவுக்கு 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல் விளிம்பு விழும் இடத்தில் ஒரு டேப் ஒட்டிவைக்கச் சொன்னேன். அலைன்மென்ட் முடிந்து திரும்பிய அன்று இரவு போன் செய்தார். ஒன்றரை அங்குலத்துக்கே வெளிச்சம் டேப்பைத் தாண்டி நாலு விரல் அளவுக்கு மேலே போயிருந்ததாம். விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருகி, விளிம்பு டேப்பைத் தொடும்வரை இறக்கிவிட்டுத்தான் படுக்கப் போனார்.