சிமுலேஷன்: உருவகமா, போலச்செய்தலா?

மனம் வேலை செய்யும் விதத்தைக் கணினியில் செய்து பார்ப்பதை ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' என்பார்கள்; தமிழில் அதை 'உருவகப்படுத்துதல்' என்கிறார்கள். இராமநாதபுரத்தில் ஒரு கருத்தரங்கிலும் மேடைக்கு மேடை அதே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

'சிமுலேஷன்' என்ற சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'சிமிலிஸ்' என்றால் போன்றது; 'சிமுலாரே' என்றால் போலச் செய்வது, பாசாங்கு செய்வது.

உருவகம் நம் அணியிலக்கணச் சொல். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை ஒழித்து இரண்டையும் ஒன்றாக்குவது என்கிறது தண்டியலங்காரம். மலர் போன்ற முகம் உவமை, முகமலர் உருவகம். பாம்பன் பக்கம் பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்கிறார்களே, அது அசல் உருவகம். பெண்ணைப் போன்ற கடல் என்று யாரும் இழுப்பதில்லை.

சரி, கணினிக்கு வருவோம். 1943இல் நரம்பியலாளர் மெக்கல்லக்கும் தர்க்கவியலாளர் பிட்ஸும் நரம்பணுவை ஆம், இல்லை என்னும் தர்க்கக் கணக்காக எழுதினார்கள். அப்படிக் கணக்குப் போடும் எந்திரம் சிந்திக்கிறதா, சிந்திப்பதுபோலச் செய்கிறதா? சண்டையே இதுதான். கணினிக்குள் பெய்யும் மழையில் யாரும் நனைவதில்லையே என்றார் தத்துவ அறிஞர் ஜான் செர்ல், 1980இல். கணினிக் கணிப்பையும் பார்த்துத்தான் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். அந்தக் கணினிப் புயலே வந்து வலையைக் கிழிக்கும் என்று எந்த மீனவரும் பயப்படுவதில்லை. எதிரணி விடுமா? மழை வேறு, மனம் வேறு. கூட்டலைப் போலச் செய்தால் கூட்டலே நடந்துவிடுகிறது, சிந்தனையும் அப்படித்தான் என்கிறது. இன்னும் தீராத வழக்கு. 'உருவகம்' என்று எழுதியவரோ இரண்டும் ஒன்றே என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டார். எழுதியது அவருக்கே தெரியாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருப்பார்.

'பாவனை' வைத்துக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். வடசொல் என்பது என் புகார் அல்ல. கடலுக்கு அக்கரையில், இலங்கைத் தமிழில், பாவனை என்றால் பயன்பாடு. 'கணினிப் பாவனை' என்றால் கணினியைப் பயன்படுத்துவது என்றுதான் படிப்பார்கள்.

ஆகவே என் ஓட்டு 'போலச்செய்தல்' என்பதற்கு. போலி என்று இளக்காரமாகத் தொனிக்குமாம். இலக்கணத்தில் போலி வசைச்சொல் இல்லை. அறம் அறன் ஆனால் கடைப்போலி: எழுத்து மாறியது, பொருள் மாறவில்லை. நரம்புக்குப் பதில் சிலிக்கானை வைத்தாலும் சிந்தனை சிந்தனைதான் என்பவருக்கும் இந்தச் சொல்லில் இடம் உண்டு, செர்லுக்கும் உண்டு.

அப்புறம், 'மாடல்' என்பதற்கும் உருவகத்தையே ஒட்டுகிறார்கள். மாதிரி என்று தெருவில் எல்லாரும் சொல்லும் சொல் இருக்கும்போது அது எதற்கு?